ஃபிலோமினா டீச்சர் தூங்கிய நேரம்

செய்தி வந்தபோது நான் செம்பட்டியில் திண்டுக்கல் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. ஃபிலோமினா டீச்சரின் தங்கை ஸ்டெல்லா போனில் வந்தார். "சார், அக்கா எந்திரிக்க மாட்டேங்குது" என்றார். நான் கொஞ்சமும் பதறவில்லை. "பகல் தூக்கம் திரும்ப வந்திருக்கும்மா, சாயந்தரம் எந்திரிச்சிருவாங்க" என்று ஆறுதல் வேறு சொன்னேன். மறுமுனையில் அழுகை கேட்டது. பிறகு, "இல்ல சார், டாக்டர் வந்து பாத்துட்டுப் போயிட்டாரு. விடியுமுன்னயே உசுரு போயிருச்சாம்" என்றார்.

டீச்சரின் வீடு மேட்டுப்பட்டியில் தெருவோரத்திலேயே இருக்கிறது. அன்று காலையில் ஸ்டெல்லா வெளியே போயிருக்க, வாசல் கதவு திறந்தே கிடந்திருக்கிறது. அக்கம்பக்கத்தார் பலமுறை அந்த வாசலைக் கடந்து போயிருக்கிறார்கள். கட்டிலில் அவர் படுத்திருப்பதைப் பார்த்து, பழையபடி பகல் தூக்கம் வந்துவிட்டது போலிருக்கிறது என்று குரலைத் தாழ்த்திக்கொண்டு நடந்திருக்கிறார்கள். ஒரு அம்மா உள்ளே போய், முகத்தில் வெயில் படுகிறதே என்று ஜன்னலைச் சாத்திவிட்டும் வந்திருக்கிறார். அந்த அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். டீச்சரின் தூக்கத்தைப் பார்த்தவர்கள் யாரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். அவரை அறியாதவர்களுக்கு அது ஏன் என்று விளங்க வேண்டுமானால், நான் கொஞ்சம் பின்னால் போய்த்தான் சொல்ல வேண்டும்.

ஃபிலோமினா டீச்சரும் நானும் திண்டுக்கல்லில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் நடக்கும் மொழிப் பயிற்சி நிலையத்தில் ஒன்றாக வேலை பார்த்தோம். வெளிநாட்டுக்குப் போகும் நர்ஸுகளுக்கும், வயதானவர்களைப் பராமரிக்கும் வேலைக்குப் போகிறவர்களுக்கும் அங்கே பாடம். நான் சில காலம் ஜப்பானில் குப்பை கொட்டியவன் என்பதால் ஜப்பானிய மொழி எனக்கு. இத்தாலிய மொழி டீச்சருக்கு. இளவயதில் அவரைக் கன்னியர் மடத்தில் சேர்த்து இத்தாலிக்கு அனுப்பியிருந்தார்கள். நித்திய வார்த்தைப்பாடு என்கிற இறுதி உறுதிமொழியை எடுக்கும் முன்பே திரும்பி வந்துவிட்டார். ஏன் என்று கேட்டவர்களிடமெல்லாம், "அங்க ரசம் கிடைக்கல" என்பார். அதற்குமேல் ஒரு வார்த்தை வாங்க முடியாது. ஊருக்கு வந்தபின் நூல் மில்லில் ஃபிட்டராக இருந்த ஒருவரை மணந்துகொண்டார். ஒரே மகன், ஜெரால்டு. கணவர் சீக்கிரமே காலமாகிவிட்டார்.

வகுப்பில் கண்டிப்பானவர். மாணவிகள் தவறாக உச்சரித்தால் திட்ட மாட்டார். அதே வாக்கியத்தை அவர்கள் சொன்ன விதமாகவே திருப்பிச் சொல்லிக்காட்டுவார். அதற்குத் திட்டு வாங்குவதே மேல் என்று பிள்ளைகள் என்னிடம் வந்து அழுவார்கள். என்னையும் விட்டுவைத்ததில்லை. எனக்குப் பேய் பிசாசு நம்பிக்கை கிடையாது. எங்கள் ஊர் முனியப்பனே என்னைக் கண்டால் ஒதுங்கிப் போவார் என்று என் மனைவி கேலி செய்வாள். டீச்சர் அதைக் கேட்டுவிட்டு, "முனி ஒதுங்குறது பயத்துல இல்ல சார், உங்க வாய்க்குத் தப்பிச்சு" என்றார்.

ஒருமுறை நிலையத்தில், முதன்முதலாக விமானம் ஏறுகிறவர்களுக்கென்று சிறு கையேடு ஒன்று தயாரிக்க முடிவெடுத்தார்கள். நீண்ட விமானப் பயணத்துக்குப் பின் இரவில் விழிப்பும் பகலில் உறக்கமுமாக உடம்பு தடுமாறுகிறதே, அந்த ஜெட் லாக்குக்கு அவரவர் மொழியில் என்ன சொல் என்று ஆசிரியர்கள் எழுதித் தர வேண்டும். தமிழிலும் ஒரு சொல் வைக்க வேண்டும். மாடியில் டீயும் வடையுமாக உட்கார்ந்து பேசினோம்.

ஆங்கிலத்திலேயே அது பழைய சொல் இல்லை. ஜெட் விமானங்கள் வந்து, ஒரே நாளில் கண்டம் தாண்ட முடிந்த பிறகு, அறுபதுகளில் பத்திரிகைக்காரர்கள் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. ஜெட் என்றால் விமானம், லாக் என்றால் பின்தங்குதல். ஜெர்மன்காரர்கள் மெனக்கெடாமல் அதையே எடுத்துக்கொண்டார்கள். பிரெஞ்சில் 'டெகலாஜ் ஓரேர்' என்கிறார்கள், நேரம் இடம்பெயர்ந்துபோதல் என்று பொருள். ஜப்பானியத்தில் 'ஜிசா போகே'. ஜிசா என்பது நேர வித்தியாசம். போகே என்பது புத்தி மங்கிக் கிடக்கும் நிலை. வயதாகி நினைவு தப்பியவர்களைப் பற்றிச் சொல்லும்போதும் அதே சொல்தான் வரும் என்று நான் விளக்கினேன்.

டீச்சர் தன் முறை வந்ததும், "மால் தி ஃபூசோ" என்றார். "மால்னா நோவு. கப்பல்ல போனா வர்றத கடல் நோவுன்னு சொல்ற மாதிரி. ஃபூசோன்னா ஸ்பிண்டில். நம்ம மில்லுல நூல் சுத்துறது. நடுவுல தடிச்சு, ரெண்டு முனையும் கூர்மையா இருக்கும்ல? பூமிய நேரவாரியா சுளை சுளையா வகுந்து பாத்தா ஒவ்வொரு துண்டும் அந்த வடிவத்துலதான் இருக்கும். அதான் ஸ்பிண்டில் நோவு. எங்க வீட்டுக்காரரு ஆயுசு பூரா அதத்தான் பாத்தாரு, ஆனா ஏரோப்ளேன் ஏறல."

தமிழுக்கு 'வான்பயணக் களைப்பு' என்று எழுதலாமென்று நான் சொன்னேன். அகராதிகளில் அப்படித்தான் இருக்கிறது. டீச்சர் தலையை ஆட்டி மறுத்தார். "களைப்புன்னா படுத்து எந்திரிச்சா போயிரும் சார். இது போகாது." ஒரு வாரத்தில் சரியாகிவிடும் டீச்சர், எனக்கு அப்படித்தான் போயிற்று என்றேன். அவர் வடையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "போனவனுக்குத்தான் அம்புட்டுப் பாசையிலயும் பேரு வச்சிருக்காங்க. இங்க இருக்கிறவளுக்கு வந்தா அதுக்கு என்ன பேரு?"

யாருக்கும் புரியவில்லை. விமானமே ஏறாதவருக்கு அது எப்படி வரும் என்று ஒருவர் சிரித்தார். டீச்சர் சிரிக்கவில்லை. கையேட்டில் கடைசியில் ஜெட் லாக் என்றே தமிழ் எழுத்தில் போட்டு அச்சுக்குக் கொடுத்துவிட்டோம்.

அந்தச் சமயம் ஜெரால்டு கனடாவுக்குப் படிக்கப் போய் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. முதலில் தினமும் போன் வந்தது. பிறகு வாரத்துக்கொன்று. பிறகு அந்த எண்ணே உபயோகத்தில் இல்லை என்றது. கல்லூரியில் விசாரித்தால் எப்போதோ நின்றுவிட்டார் என்றார்கள். டீச்சர் எழுதாத அலுவலகம் இல்லை, போகாத இடம் இல்லை. ஒன்றும் தெரியவில்லை. அப்போதிருந்தே அவர் பகலில் தூங்கவும் இரவில் விழித்திருக்கவும் ஆரம்பித்திருந்தார். எங்களுக்கு அது தாமதமாகத்தான் தெரிந்தது. ஏனென்றால் அவருக்கு மாலை வகுப்பு. வகுப்புக்கு வரும்போது அப்போதுதான் குளித்து, பவுடர் பூசி, விடியற்காலையில் கோயிலுக்குப் போகிறவர் போலிருப்பார்.

அச்சுப்பிழை பார்க்கும் தாள்களை எடுத்துக்கொண்டு ஒரு மாசி மாத நடுப்பகலில் அவர் வீட்டுக்குப் போனேன். வெயில் மண்டையைப் பிளந்தது. ஸ்டெல்லா கதவைத் திறந்து, சத்தம் போடாதீர்கள் என்று சைகை காட்டினார். உள்ளே மின்விசிறி ஓடவில்லை. டீச்சர் கட்டிலில் இரண்டு கம்பளியைப் போர்த்திக்கொண்டு மல்லாந்து கிடந்தார். கண் முழுவதும் மூடவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. குளிர்காய்ச்சல் என்று நினைத்துக் கையைத் தொட்டேன். ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்த கை மாதிரி இருந்தது. பெயர் சொல்லி அழைத்தேன், தோளை உலுக்கினேன். அசைவில்லை. எனக்கு வியர்த்துக்கொண்டிருக்க, அவருக்குப் பற்கள் மெல்லத் தந்தியடித்தன.

"டெய்லி இப்பிடித்தான் சார்" என்றார் ஸ்டெல்லா. "ஆஸ்பத்திரியில காட்டியாச்சு. ஒண்ணுமில்லங்கிறாங்க. அங்க இப்ப நடுராத்திரி, பனி கொட்டுதுங்குது. அவன் தூங்குற நேரந்தான் தனக்கும் தூக்கம் வருதாம்."

மனம் ஒன்றையே நினைத்துக் கிடந்தால் உடம்பு அதன் பின்னால் போகும் என்று ஸ்டெல்லாவுக்கு விளக்கிவிட்டு வந்தேன். மகன் போனுக்காக இரவெல்லாம் விழித்திருந்து பழகிய உடம்பு, பகலில் அசந்துபோகிறது, அவ்வளவுதான் விஷயம். பஸ்ஸில் திரும்பும்போது என் உள்ளங்கை மட்டும் ஆத்தூர் வரைக்கும் சில்லிட்டே இருந்தது. அதற்கு நான் விளக்கம் எதுவும் தேடவில்லை.

அடுத்த நிகழ்ச்சிக்குத்தான் என்னிடம் பதில் கிடையாது. அந்த வருடம் ஆடி வாக்கில் டீச்சர் திடீரென்று வந்து, மாலை வகுப்பைக் காலைக்கு மாற்றித் தரச் சொன்னார். "சாயந்தரம் கண்ணு சொக்குது சார். காலையில முழிப்பா இருக்கு, மத்தியானத்துக்கு மேலதான் தூக்கம் வருது. அவன் ஊரு மாறிட்டான். இன்னும் மேற்க தள்ளிப் போயிட்டான்." வகுப்பு மாறியது. ஒரு மாதம் கழித்து, ஜெரால்டோடு முன்பு அறையில் தங்கியிருந்த ஒரு பையனின் தொடர்பு எங்கள் மாணவி ஒருத்தி மூலம் கிடைத்தது. அவன் சொன்னான், "அவன் டொராண்டோல இல்ல சார். ஆடியிலயே வான்கூவர் பக்கம் கிளம்பிப் போயிட்டான். அட்ரஸ் தெரியாது." வான்கூவர் அந்த நாட்டின் மேற்குக் கோடி. போனை வைத்துவிட்டு நான் மருந்துக்கடைக்கு இறங்கிப்போய், கூட்டத்தோடு கூட்டமாகக் கொஞ்ச நேரம் நின்றேன். தனியாக இருக்கப் பிடிக்கவில்லை.

அந்தச் செய்திக்குப் பிறகும் ஜெரால்டைப் பற்றி வேறு எதுவும் வரவில்லை. உறவினர்கள் மெல்ல நம்பிக்கையை விட்டுவிட்டார்கள். கல்லறைத் திருநாளன்று பூசையில் அந்தப் பங்கில் இறந்தவர்களின் பெயர்களை வாசிப்பது வழக்கம். போன நவம்பரில் யாரோ ஜெரால்டின் பெயரையும் கொடுத்திருந்தார்கள். நல்ல எண்ணத்தில்தான். ஒருவேளை இறந்திருந்தால் ஆன்மா காத்துக்கிடக்க வேண்டாமே என்று. டீச்சர் அழைத்ததால் நானும் அன்று பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெயர் வாசிக்கப்பட்டதும் டீச்சர் எழுந்து நின்றார்.

"சாமி, அந்தப் பேர மட்டும் திரும்ப எடுத்துக்கங்க. எம்மவன் உசுரோட இருக்கான்."

பங்குத்தந்தை கனிவாக, "எப்படிம்மா தெரியும்?" என்றார்.

"எனக்கு ராத்திரி தூக்கம் வரல சாமி. என் தூக்கம் இந்த ஊருக்குத் திரும்பி வந்துச்சுன்னா, அன்னைக்கு வாசிங்க."

பங்குத்தந்தை அடுத்த பெயரை வாசித்தார்.

பூசை முடிந்து எல்லாரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். மெழுகுவர்த்தியும் செவ்வந்தியுமாக நல்ல கூட்டம். நடுப்பகல் தாண்டியதும் டீச்சருக்கு நேரம் வந்துவிட்டது. கணவரின் கல்லறைத் திட்டில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்து உறங்கிப்போனார். ஸ்டெல்லாவும் நானும் ஆட்டோ கூப்பிட்டு வரப் போனோம். திரும்பி வந்தபோது, யாரென்று தெரியவில்லை, அவர் காலடியிலும் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி, பூ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஸ்டெல்லா அதை ஊதி அணைத்து, திட்டிக்கொண்டே காலால் தள்ளினார். டீச்சருக்கு ஒன்றும் தெரியாது.

இந்த ஆண்டு ஈஸ்டருக்கு அடுத்த வாரம் டீச்சர் வகுப்புக்கு வந்தபோது முகம் தெளிந்திருந்தது. கண்ணுக்குக் கீழே கருவளையம் குறைந்திருந்தது. ராத்திரி தூங்கினீர்களா என்று கேட்டேன். "படுத்ததும் தூங்கிட்டேன். காலையில கோயில் மணிக்கு எந்திரிச்சேன்" என்றார். மாணவிகள் கைதட்டினார்கள். ஒருத்தி மிட்டாய் வாங்கப் படியிறங்கி ஓடினாள். அப்போதுதான் கவனித்தேன், டீச்சர் மேசை விளிம்பை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

எல்லாரும் போனபின் என்னிடம் சொன்னார். "தூக்கம் ஊருக்கு வந்துருச்சு சார். ரெண்டுல ஒண்ணுதான். ஒண்ணு, அவன் இங்குட்டு வந்துட்டான். இல்லன்னா..." வந்திருந்தால் வீட்டுக்கு வந்திருப்பானே என்று நான் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவர் வாசல் கதவைச் சாத்துவதில்லை. நாய் வரும், திருடன் வருவான் என்று ஸ்டெல்லா சண்டை போட்டுப் பார்த்தார். "அடியே கழுத, சாத்துன கதவத் தட்ட அவனுக்குத் தைரியம் இருக்காது. திறந்திருந்தா வருவான்" என்பாராம். இரவெல்லாம் நன்றாகத் தூங்கினார். பகலெல்லாம் விழித்திருந்து வாசலைப் பார்த்தார். தூங்கத் தூங்க மெலிந்துபோனார். அப்படித் தூங்கியவர்தான் அன்று எழவில்லை.

அடக்கம் மறுநாள் மாலை என்று முடிவானது. அன்று காலை பத்து மணி வாக்கில் தாடியும் முதுகுப் பையுமாக ஒருவர் பந்தலுக்குள் வந்தார். ஸ்டெல்லாதான் முதலில் அடையாளம் கண்டார். ஓங்கி ஒரு அறை விட்டார். பிறகு அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு அலறினார். ஜெரால்டுதான். விசா முடிந்து, பிடிபட்டு, ஈஸ்டர் சமயத்தில் திருப்பி அனுப்பப்பட்டிருக்கிறார். அன்றிலிருந்து ஓசூரில் ஒரு நண்பரோடு இருந்திருக்கிறார். அம்மாவின் கண்ணீர் அஞ்சலிப் படத்தை யாரோ வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு ராத்திரியோடு ராத்திரியாகப் பஸ் ஏறியிருக்கிறார்.

பந்தலில் அவர் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். கேட்காமலேயே சொல்லிக்கொண்டிருந்தார். "படிப்ப விட்டேன் சார். அதச் சொல்ல மூஞ்சி இல்ல. அப்புறம் நாளாக நாளாகப் பேசவே முடியாமப் போச்சு. ஆனா அங்க இருந்தமட்டுக்கும் ஒரு ராத்திரிகூட நான் தூங்குனதில்ல. பகல்ல அடிச்சுப்போட்ட மாதிரி தூங்குவேன், இருட்டுனா முழிச்சுக்குவேன். அதுக்குன்னே நைட் ஷிஃப்ட் வேலையாத் தேடுனேன். நடுராத்திரி பனியில நின்னுக்கிட்டு, இந்நேரம் அம்மா சமைக்கும், இந்நேரம் வகுப்புக்குக் கிளம்பும், இப்ப என்னைய நெனைக்கும்னு அதையே நெனச்சுக்கிட்டு இருப்பேன். நான் நம்மூரு நேரத்துலயேதான் சார் இருந்தேன்."

அவர் பனியில் விழித்து நின்று அம்மாவை நினைத்த பகல்களில் அம்மா இங்கே கம்பளிக்குள் உணர்வில்லாமல் கிடந்தார். அம்மா இங்கே விழித்திருந்து அவரை நினைத்த இரவுகளில் அவர் அங்கே தூங்கிக்கொண்டிருந்தார். இருவரும் ஒரே பகலில் முழுதாக விழித்திருந்தது கடைசியில் வந்த அந்தச் சில வாரங்கள்தான். அப்போது ஒருவர் மேட்டுப்பட்டியில் கதவைத் திறந்துவைத்திருந்தார். இன்னொருவர் ஓசூரில் அம்மாவின் எண்ணை அழுத்துவதும் நிறுத்துவதுமாக இருந்திருக்கிறார்.

"அம்மா பகல்ல என்ன சார் செய்யும், நான் போனப்புறம்?" என்று கேட்டார்.

"தூங்குவாங்க தம்பி" என்றேன். பொய் சொல்ல வரவில்லை.

ஸ்டெல்லா மீதியையும் சொன்னார், வான்கூவர் முதல் எல்லாவற்றையும். ஜெரால்டு அழுத சத்தத்தை நான் இங்கே எழுத விரும்பவில்லை. எத்தனையோ சாவு வீடுகளில் இருந்திருக்கிறேன். பந்தலை விட்டு எழுந்துபோனது அன்று மட்டும்தான்.

அடக்கம் நல்லபடியாக நடந்தது. முப்பதாம் நாள் பூசை நாளைக்கு. அதற்கு என்ன ஏற்பாடு என்று கேட்க நேற்று நண்பகலில் போனேன். கட்டிலில் ஜெரால்டு மல்லாந்து கிடந்தார். தோளைத் தொட்டேன், அசையவில்லை. ஸ்டெல்லா சுவரோரம் உட்கார்ந்திருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"மண்ணு போட்ட அன்னையிலயிருந்தே இப்பிடித்தான் சார். மொத நாள் ராத்திரி தூங்குனான், சரின்னு இருந்தேன். அடுத்த நாள் செத்த நேரம் பிந்தித் தூங்குனான். அதுக்கடுத்த நாள் அதவிடப் பிந்தி. டெய்லி கொஞ்சங் கொஞ்சமா தள்ளிப் போயிக்கிட்டே இருக்கு. நேத்து விடிஞ்சப்புறந்தான் படுத்தான். இன்னைக்கு இன்னும் பிந்தி."

நான் வழக்கம்போல விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். எந்த நாட்டு நேரம் இது என்று மனசுக்குள் கணக்குப் போட்டும் பார்த்தேன். எந்த நாடும் ஒரு நாளைக்கு மேல் பொருந்தவில்லை. யாரோ ஒருவர் நிற்காமல், அவசரமும் இல்லாமல், ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக மேற்கே போய்க்கொண்டே இருந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அந்தக் கணக்கு. கட்டிலில் கிடந்த மகன் தூக்கத்திலேயே வழியனுப்புகிறவர் மாதிரி ஒரு கையை லேசாகத் தூக்கி, கீழே போட்டார்.

டீச்சர், நான் எதையும் நம்பாதவன் என்று உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் கேட்டுக்கொள்கிறேன். எவ்வளவு தூரமோ, மெதுவாகவே போங்கள். போய்ச் சேர்ந்ததும் உங்கள் பிள்ளையின் கையை விட்டுவிடுங்கள். அவர் இந்த ஊர்க் காலையில் கண் விழிக்கட்டும்.